எல்லாம், சில, ஒன்றுகூட இல்லை: நிறை எடுப்புக்கும் குறை எடுப்புக்கும் உள்ள உறவு

'எல்லாம்', 'சில' என்று அளவு சொல்லும் கூற்றுகளைப் பற்றிய கேள்வி இது. அதில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. ஒன்று: "எல்லா க-வும் ச" என்பது பொய் என்று தெரிந்துவிட்டால், "எந்த க-வும் ச அன்று" என்று சொல்லிவிடலாமா? மற்றது: "எல்லா க-வும் ச" என்பதிலிருந்து "சில க ச" என்பது தானாக வருமா? வரும் என்று பழைய அளவையியல் (தர்க்கவியல்) நூல்களும், வராது என்று இக்காலக் குறியீட்டு அளவையியல் நூல்களும் சொல்வதால் எதை நம்புவது என்ற குழப்பம்.

முதலாவதற்கு விடை: கூடாது. இதில் எந்த நூலுக்கும் மாற்றுக்கருத்து இல்லை. இரண்டாவதற்கு: க என்ற வகுப்பில் ஒன்றாவது இருக்கிறது என்பது கையில் இருந்தால் வரும், இல்லாவிட்டால் வராது. பழைய நூல்கள் அந்த இருப்பை வாய்விட்டுச் சொல்லாமலே எடுத்துக்கொள்கின்றன, புதியவை சொன்னாலொழிய எடுத்துக்கொள்வதில்லை. சண்டை அவ்வளவுதான். ஆனால் இதைப் புரிந்துகொள்ளாமல், இவ்வகைக் கூற்றுகளின் உறவுகளைக் காட்டும் சதுரப் படத்தை மனப்பாடம் செய்தவர்கள் தேர்வில் தப்பிவிடுவார்கள், வாதத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

எடுப்பு என்பது உண்மை அல்லது பொய் என்று சொல்லக்கூடிய கூற்று. இங்கே நமக்கு வேண்டிய எடுப்புகள் நான்கு. நிறைவிதி: எல்லா க-வும் ச. நிறைமறை: எந்த க-வும் ச அன்று. குறைவிதி: சில க ச. குறைமறை: சில க ச அல்ல. இவற்றை முறையே ஏ, ஈ, ஐ, ஓ என்று குறிப்பது இடைக்கால ஐரோப்பிய வழக்கம். 'உறுதிசெய்கிறேன்', 'மறுக்கிறேன்' என்று பொருள்படும் இரண்டு இலத்தீன் வினைகளில் வரும் உயிரெழுத்துகள் அவை: முதல் வினை விதி எடுப்புகளுக்கும் இரண்டாவது மறை எடுப்புகளுக்கும். க-வை எழுவாய்ப் பதம், ச-வைப் பயனிலைப் பதம் என்போம்.

இங்கே 'சில' என்பதற்கு 'ஒன்றாவது' என்பதுதான் பொருள். ஒன்றே ஒன்று இருந்தாலும் குறைவிதி உண்மை. எல்லாமே அப்படி இருந்தாலும் அது உண்மைதான். அன்றாடப் பேச்சில் "சில கோப்புகள் பழுதாகிவிட்டன" என்று கேட்டதும், மற்றவை நன்றாக இருக்கின்றன என்று எடுத்துக்கொள்கிறோம். எல்லாம் பழுதாகியிருந்தால் 'எல்லாம்' என்றே சொல்லியிருப்பாரே என்ற எதிர்பார்ப்பிலிருந்து வரும் ஊகம் அது. கூற்றின் பொருளில் அது இல்லை. "சில பழுது, சொல்லப்போனால் எல்லாமே பழுது" என்று ஒருவர் தொடர்ந்தால் முரண்பட்டுப் பேசியதாக யாரும் சொல்லமாட்டோம். குறைவிதியிலிருந்து குறைமறைக்குத் தாவுவதுதான் இந்தப் பகுதியில் மிக அதிகமாக நடக்கும் தவறு. பத்துக் கோப்புகளில் மூன்றைத் திறந்து பார்த்தவர் "சில பழுது" என்று சொன்னால் மீதி ஏழைப் பற்றி அவர் எதுவுமே சொல்லவில்லை.

தமிழில் இன்னொரு பொறியும் இருக்கிறது. "எல்லா மாணவர்களும் வரவில்லை" என்ற வாக்கியத்தை இரண்டு விதமாகப் படிக்கலாம். ஒருவருமே வரவில்லை என்றால் அது நிறைமறை. வந்தவர்கள் எல்லாரும் அல்லர், சிலர் விடுபட்டார்கள் என்றால் அது குறைமறை. பேச்சில் குரலின் அழுத்தம் வேறுபடுத்திக் காட்டும்; எழுத்தில் அது கிடைக்காது. எனவே எடுப்பை ஆராயுமுன் அதை மாற்றி எழுதிவிடுவது நல்லது. இதற்கு "ஒன்றுகூட இல்லை", "ஒன்றாவது உண்டு" என்ற இரண்டு வடிவங்கள் போதும்:

நிறைவிதி: ச அல்லாத க ஒன்றுகூட இல்லை.
நிறைமறை: ச ஆக உள்ள க ஒன்றுகூட இல்லை.
குறைவிதி: ச ஆக உள்ள க ஒன்றாவது உண்டு.
குறைமறை: ச அல்லாத க ஒன்றாவது உண்டு.

இந்த நான்கு வரிகளை எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது. முதல் வரியும் நான்காவது வரியும் ஒரே பொருளைப் பற்றிப் பேசுகின்றன: ச அல்லாத க. ஒன்று இல்லை என்கிறது, மற்றது உண்டு என்கிறது. ஆகவே ஒன்று உண்மையானால் மற்றது பொய். ஒன்று பொய்யானால் மற்றது உண்மை. இதுதான் முரண். அதே போல இரண்டாவது வரியும் மூன்றாவது வரியும். நிறை எடுப்புகள் இரண்டையும் மேலே, அவற்றின் குறை எடுப்புகளை நேர் கீழே என மூலைக்கு ஒன்றாக எழுதிய சதுரத்தில், மூலைவிட்டங்கள் என்று வரைவது இந்த இரண்டு இணைகளைத்தான். இவற்றுக்கு எந்த முன்னெடுகோளும் வேண்டாம், க என்ற வகுப்பு காலியாக இருந்தாலும் கவலை இல்லை.

முதல் வரியையும் மூன்றாவது வரியையும் இப்போது பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று 'ச அல்லாத க' பற்றியது, இன்னொன்று 'ச ஆக உள்ள க' பற்றியது. ஓரிடத்தில் எதுவும் இல்லை என்பதிலிருந்து வேறோர் இடத்தில் ஏதோ இருக்கிறது என்பது எப்படி வரும்? வராது. வகுப்புகளை வட்டங்களாக வரையும் வென் படம் போட்டுப் பழகியவர்களுக்கு இது கண்ணுக்கே தெரியும்: நிறை எடுப்பு ஒரு பகுதியை நிழலிட்டு வெறுமையாக்குகிறது, குறை எடுப்பு ஒரு பகுதியில் குறி வைக்கிறது. எவ்வளவு நிழலிட்டாலும் குறி ஒன்று முளைக்காது.

பழைய சதுரத்தின் மற்ற உறவுகள் எங்கிருந்து வந்தன? ஒரே ஒரு வரியைக் கூட்டுங்கள்: க ஒன்றாவது உண்டு. அந்த ஒன்று ச ஆக இருக்கும், அல்லது ச அல்லாததாக இருக்கும். மூன்றாவது வழி இல்லை. அப்படியானால் குறைவிதி, குறைமறை ஆகிய இரண்டில் ஒன்றாவது உண்மை. இரண்டும் உண்மையாக இருக்கலாம், இரண்டும் பொய்யாக இருக்க முடியாது. இதற்கு உபமறுதலை என்று பெயர். அடுத்து, நிறைவிதி உண்மை என்று கொள்ளுங்கள். முரணின்படி குறைமறை பொய். குறை எடுப்புகளில் ஒன்றாவது உண்மையாக வேண்டும் என்பதால் குறைவிதி உண்மை. இதுதான் நிறையிலிருந்து குறைக்கு இறங்கும் வழிப்பேறு. நிறைமறையிலிருந்து குறைமறைக்கும் இதே வழிதான். கடைசியாக, நிறைவிதியும் நிறைமறையும் சேர்ந்து உண்மை என்று வைத்துப் பார்த்தால், குறை எடுப்புகள் இரண்டும் பொய்யாகிவிடும். அது கூடாது என்று இப்போதுதான் கண்டோம். ஆகவே நிறை எடுப்புகள் இரண்டும் சேர்ந்து உண்மையாக முடியாது, இது மறுதலை. சேர்ந்து பொய்யாக இருப்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

ஆக, நான்கு தனித்தனி விதிகள் என்று எதுவும் இல்லை. மூலைவிட்ட முரணும் "க ஒன்றாவது உண்டு" என்ற ஒரு வரியும் சேர்ந்தால் முழுச் சதுரமும் கிடைத்துவிடும்.

பயன்படுத்தும்போது திசையைக் கவனிக்க வேண்டும். வழிப்பேற்றில் உண்மை கீழே இறங்கும், பொய் மேலே ஏறும். நிறைவிதி உண்மை என்றால் நிறைமறை பொய், குறைவிதி உண்மை, குறைமறை பொய் என மூன்றும் தெரிந்துவிடும். நிறைவிதி பொய் என்று மட்டும் தெரிந்தால் கிடைப்பது ஒன்றே: குறைமறை உண்மை. மற்ற இரண்டும் தெரியாது. குறைவிதி உண்மை என்றால் நிறைமறை பொய், அதோடு நின்றுவிடும். ஆனால் குறைவிதி பொய் என்று தெரிந்தாலோ மூன்றும் தெரியும்: நிறைமறை உண்மை, நிறைவிதி பொய், குறைமறை உண்மை. மறை எடுப்புகளிலிருந்து தொடங்கினாலும் இதே ஒழுங்குதான். சுருங்கச் சொன்னால், மேலே உண்மையும் கீழே பொய்யும் நிறையப் பேசும். மேலே பொய்யும் கீழே உண்மையும் ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளும்.

முதல் கேள்வி இங்கே தீர்ந்துவிடுகிறது. "எல்லாப் பகா எண்களும் ஒற்றைப்படை" என்பது பொய். 2 பகா எண், அது இரட்டைப்படை. இதனால் "எந்தப் பகா எண்ணும் ஒற்றைப்படை அன்று" என்றாகிவிடாது, 3 இருக்கிறது. நிறை எடுப்புகள் இரண்டும் பொய், குறை எடுப்புகள் இரண்டும் உண்மை. நிறைவிதியை உடைக்க ஓர் எதிர்க்காட்டு போதும், அது நிறுவுவதும் குறைமறையை மட்டுமே. வாதத்தில் இதை மீறுவது இரண்டு விதமாக நடக்கிறது. எதிராளியின் "எல்லாம்" என்பதை மறுக்கப் புறப்பட்டவர் தேவையில்லாமல் "ஒன்றுகூட இல்லை" என்று சொல்லி, நிறுவ முடியாத சுமையைத் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறார். அல்லது "எல்லாம் அப்படியில்லை" என்று நிதானமாகச் சொன்னவரை, "ஒன்றுமே அப்படியில்லை என்கிறாயா?" என்று எதிராளி மறுதலைக்குத் தள்ளிவிட்டு, அதை உடைத்து வெற்றி கொண்டாடுகிறார். இரண்டாவது தந்திரம் முதலாவதைவிட அதிகம் பலிக்கிறது. "எல்லாம்... இல்லை" என்ற அந்த இருபொருள் வாக்கியமும் அதற்குத் துணைபோகிறது.

வரலாற்றைக் கொஞ்சம் தொட்டாக வேண்டும், ஏனென்றால் இரண்டாவது கேள்வியின் வேர் அங்கே இருக்கிறது. முரணையும் மறுதலையையும் பிரித்துக் காட்டியவர் அரிஸ்டாட்டில். சதுரத்தை அவர் வரையவில்லை. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் இலத்தீன் எழுத்தாளர் அப்புலேயஸ் பெயரில் வழங்கும் நூலில் அது தென்படுகிறது, 6-ஆம் நூற்றாண்டில் ரோமானிய மெய்யியலாளர் பொயீதியஸ் வழியாக இலத்தீன் உலகெங்கும் பரவியது. அரிஸ்டாட்டிலிடம் நிறைவிதியின் முரண் "ஒவ்வொரு க-வும் ச அன்று", அதாவது 'ஒவ்வொரு க-வும் ச' என்பதன் நேர் மறுப்பு. பிற்காலத்தில் அந்த இடத்தில் "சில க ச அல்ல" என்ற வடிவம் வந்து அமர்ந்தது. க என்ற வகுப்பில் ஏதாவது இருக்கும்வரை இரண்டும் ஒன்றுதான். காலியாக இருந்தால் அல்ல: "ஒவ்வொரு க-வும் ச" என்பதை மறுப்பவர் க எதுவும் உண்டு என்று ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. "சில க ச அல்ல" என்பவரோ ஒப்புக்கொண்டது போல் ஒலிக்கிறது.

வெற்று வகுப்பைக் கையாள மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி பாடநூல்களின் பழைய வழி: வெற்றுப் பதங்களையே அனுமதிப்பதில்லை. எளிது, சதுரம் முழுதாக நிற்கும். ஆனால் இல்லாத ஒன்றைப் பற்றிப் பேசி அது இல்லை என்று நிறுவும் வேலைக்கு இது உதவாது, கணிதத்தில் அந்த வேலை நாள்தோறும் நடக்கிறது.

இரண்டாவது, 14-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மெய்யியலாளர் ஜான் பூரிடன் போன்றோர் கைக்கொண்ட வழி. விதி எடுப்புகளுக்கு மட்டுமே இருப்பு வேண்டும், மறை எடுப்புகளுக்கு வேண்டாம். க காலியானால் நிறைவிதியும் குறைவிதியும் பொய். நிறைமறையும் குறைமறையும் உண்மை. சரிபார்த்துப் பாருங்கள்: முரண், மறுதலை, உபமறுதலை, வழிப்பேறு நான்கும் வெற்று வகுப்பிலும் நிற்கின்றன. பழைய சதுரம் வெற்றுப் பதங்களால் உடைந்துவிட்டது என்று பொதுவாகச் சொல்வது இதனால்தான் சற்றே அவசரமான தீர்ப்பு. இதற்கு விலை வேறிடத்தில் கொடுக்க வேண்டும்: "எந்த க-வும் ச அன்று" என்பதை "எல்லா க-வும் ச-அல்லாதவை" என்று மாற்றி எழுதும் உரிமை போய்விடும். மறை எடுப்பு வெற்று வகுப்பில் உண்மை, மாற்றி எழுதியது விதி எடுப்பாகிவிட்டதால் அது பொய்.

மூன்றாவது இக்கால வழி. 1847-இல் ஆங்கிலக் கணிதவியலாளர் பூல் அளவையியலை இயற்கணிதமாக்கினார், 1874-இல் மெய்யியலாளர் பிரென்டானோ நிறைவிதியை "ச அல்லாத க இல்லை" என்று இருப்பு மறுப்பாகவே படித்தார், 1879-இல் ஜெர்மானியக் கணிதவியலாளர் ஃப்ரேகே 'எல்லாம்', 'சில' போன்ற அளவுகளை எழுதும் குறியீட்டை உருவாக்கினார். அதன்பின் நிறைவிதியின் பொருள் "எதை எடுத்தாலும், அது க ஆனால் ச" என்றாயிற்று. நிபந்தனை வாக்கியம் ஆகிவிட்டதால் க எதுவும் இல்லாதபோது அது உண்மை. நிறைமறையும் அவ்வாறே. இரண்டும் சேர்ந்து உண்மையாகிவிடுவதால் மறுதலை போய்விடுகிறது, குறை எடுப்புகள் இரண்டும் பொய்யாவதால் உபமறுதலையும் போய்விடுகிறது, வழிப்பேறும் அதோடு போகிறது. மிஞ்சுவது மூலைவிட்டம். வேடிக்கை என்னவென்றால் ஃப்ரேகேயே அந்த 1879 நூலில் பழைய சதுரத்தை வரைந்து வைத்திருக்கிறார். அவருடைய குறியீட்டின்படி அதில் முழுமையாக நிற்பவை மூலைவிட்டங்கள் மட்டுமே.

எங்கே உடைகிறது என்பதை ஒரு சங்கிலியில் பார்க்கலாம். தொடக்கம்: எந்த ஒற்றைப்படை எண்ணும் 2-ஐ விடப் பெரிய இரட்டைப்படைப் பகா எண் அன்று. ஐயமற்ற உண்மை. பதங்களை இடம் மாற்றினால்: 2-ஐ விடப் பெரிய எந்த இரட்டைப்படைப் பகா எண்ணும் ஒற்றைப்படை அன்று. நிறைமறையை இப்படித் திருப்பலாம் என்பது எல்லோரும் ஒப்பும் விதி. மறையை விதியாக்கினால்: 2-ஐ விடப் பெரிய எல்லா இரட்டைப்படைப் பகா எண்களும் ஒற்றைப்படை அல்லாதவை. நிறையிலிருந்து குறைக்கு இறங்கினால்: 2-ஐ விடப் பெரிய சில இரட்டைப்படைப் பகா எண்கள் ஒற்றைப்படை அல்லாதவை. மறுபடி திருப்பினால்: ஒற்றைப்படை அல்லாத சில, 2-ஐ விடப் பெரிய இரட்டைப்படைப் பகா எண்கள். அப்படி ஓர் எண்ணே கிடையாது. உண்மையில் தொடங்கி, பாடநூல் விதிகளை மட்டும் பயன்படுத்தி, பொய்யில் வந்து நின்றுவிட்டோம்.

கவனிக்க வேண்டியது, தொடக்க வாக்கியத்தின் எழுவாய் வெற்று வகுப்பு அன்று. ஒற்றைப்படை எண்கள் ஏராளம். வெறுமை பயனிலையில் ஒளிந்திருந்து, திருப்பியபோது எழுவாய்க்கு வந்தது. ஆகவே "எழுவாய் காலியில்லையா என்று பார்த்துவிட்டேன்" என்று நிம்மதியாக இருக்க முடியாது; ஒவ்வொரு படியிலும் பார்க்க வேண்டும். முதல் வழியினர் தொடக்க வாக்கியத்தையே உள்ளே விடமாட்டார்கள். இரண்டாம் வழியில் சங்கிலி மூன்றாவது வாக்கியத்தில், மறையை விதியாக்கிய இடத்தில், அறுகிறது. இக்கால வழியில் நான்காவது வாக்கியத்தில், நிறையிலிருந்து குறைக்கு இறங்கிய இடத்தில் அறுகிறது.

இரண்டு எடுகூற்றுகளும் ஒரு முடிவும் கொண்ட முக்கூற்று வாதங்களிலும் இதன் விளைவு எண்ணிக்கையாகவே தெரியும். மூன்று கூற்றுகளில் ஒவ்வொன்றும் நான்கு எடுப்பு வகைகளில் எதுவாகவும் இருக்கலாம்; எடுகூற்றுகள் இரண்டுக்கும் பொதுவான பதம் நிற்கும் இடத்தைப் பொறுத்து உருவங்கள் நான்கு; ஆக 256 வடிவங்கள். இருப்பு எடுகோளோடு செல்லுபடியாவன 24, அது இல்லாமல் 15. விழுந்துபோகும் ஒன்பதும் ஒரே மாதிரியானவை: எடுகூற்றுகள் இரண்டும் நிறை, முடிவு குறை. "எல்லா ம-வும் ப, எல்லா ம-வும் க, ஆகவே சில க ப" என்பது அவற்றில் பெயர்பெற்ற ஒன்று. ம ஒன்றாவது உண்டு என்று மூன்றாவதாக ஓர் எடுகூற்றைச் சேர்த்தால் அது மறுபடி செல்லும். தேர்வுத்தாளில் எந்த மரபு கேட்கப்படுகிறது என்று குறிப்பிடவில்லை என்றால், இந்த எடுகூற்றை வெளிப்படையாக எழுதிவிட்டு விடையளிப்பதே பாதுகாப்பு.

இதெல்லாம் ஏட்டுச் சிக்கல் என்று தோன்றினால், நிரல் எழுதுபவரைக் கேளுங்கள். பைத்தான் மொழியில் 'எல்லாம் உண்மையா' என்று சோதிக்கும் 'ஆல்' செயற்கூறு காலிப் பட்டியலுக்கு 'உண்மை' என்று திருப்பித் தரும். 'ஒன்றாவது உண்மையா' என்று சோதிக்கும் 'எனி' அதே பட்டியலுக்குப் 'பொய்' என்று தரும். இது மேலே சொன்ன இக்கால வழியேதான். "எல்லாச் சோதனைகளும் வெற்றி" என்று அறிக்கை பச்சையாக வந்திருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் கோப்புப் பெயரில் பிழை, ஒரு சோதனைகூட ஓடியிருக்காது. மருந்து: 'எல்லாம்' என்று சோதிக்கும் இடத்தில் எண்ணிக்கை சுழியத்தைவிடப் பெரிதா என்பதையும் தனியாகச் சோதிப்பது. தரவுத்தள வினவல் மொழியான எஸ்கியூஎல்-இல் ஒரு நிபந்தனை எல்லா வரிசைகளுக்கும் பொருந்துகிறதா என்று பார்க்க, "பொருந்தாத வரிசை இல்லை" என்று 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' கொண்டு எழுதுவதே பெருவழக்கு. நம் நான்கு வரிகளில் முதல் வரியே அது.

சதுரத்துக்குள் அடங்காதவை இரண்டைப் பற்றி ஒரு சொல். "சாக்ரடீஸ் நிற்கிறார்" போன்ற ஒருமை எடுப்பில் எல்லாம், சில என்ற அளவே இல்லை. அதை மறுத்தால் கிடைப்பது ஒன்றே, மறுதலை வேறு முரண் வேறு என்று பிரியாது. "பெரும்பாலான க ச" என்பதைப் பாதிக்கு மேல் என்று கொண்டால், அதிலிருந்து குறைவிதி வரும். ஆனால் அதன் முரண் "பெரும்பாலான க ச அல்ல" என்பதன்று, "ச ஆக உள்ள க பாதிக்கு மேல் இல்லை" என்பதே. சரிபாதி ச ஆகவும் சரிபாதி வேறாகவும் இருந்தால் 'பெரும்பாலான' வாக்கியங்கள் இரண்டும் பொய்.

அளவுகள் அடுக்கடுக்காக வரும்போது மறுப்பை வெளியிலிருந்து உள்ளே ஒவ்வொரு படியாக நகர்த்த வேண்டும். ஒவ்வொரு படியிலும் 'ஒவ்வொன்றும்' என்பது 'ஒன்றாவது' ஆகும், 'ஒன்றாவது' என்பது 'ஒன்றுகூட' ஆகி உள்ளே உள்ளது மறுக்கப்படும். "ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு நகலாவது உண்டு" என்பதன் முரண், "எந்தக் கோப்புக்கும் நகல் இல்லை" என்பதன்று. "ஒரு நகல்கூட இல்லாத கோப்பு ஒன்றாவது உண்டு" என்பதே.